வினைமுற்று

ஐகோர்ட்டு மதிலோரம், டிராம் திரும்புகிற இடத்தில்
ஒரு மேசை, மைக்கூடு, இரண்டு முக்காலி.
மனுவுக்கு இரண்டணா.
அழுதுகொண்டே சொல்பவர்களுக்கு இரண்டரை,
காகிதம் நனைந்து வீணாகும்.

இருபத்தோரு வருஷத் தொழில்.
தாசில்தாருக்கு ஒரு முழ வணக்கம்,
கலெக்டருக்கு இரண்டு முழம்,
கோட்டைக்கு எழுதினால் பாதிப் பக்கம் வணக்கத்துக்கே சரி.
விஷயம் கடைசி மூன்று வரியில்
மூட்டைக்கடியில் எலிபோல் கிடக்கும்.

பூங்காவனம் வந்தது மாசியில்.
காசிமேட்டுக்காரி. கூடையை இறக்கியதும்
டிராமுக்கு நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள்.
புருஷன் பாறைக்குழியில் காய்ந்த உப்பைச் சுரண்டினானாம்,
கருவாட்டுக்கு, மூன்று கைப்பிடி.
உப்பு இலாகா ஆள் அதை எடைபோட்டான்.
ஐந்து ரூபாய் அபராதம்,
கட்ட வக்கில்லை என்றால் பதினைந்து நாள்.

"அந்த ராஜா கீறாரே,
நம்ம கடலு எங்க கீதுன்னு அவருக்குத் தெரியுமா?"
நான் பேனாவை மையில் தொட்டேன்.
"அவரா கொண்டாந்து ஊத்தினாரு?"
அதையெல்லாம் மனுவில் எழுத முடியாதம்மா என்றேன்.
"அப்ப இன்னாத்ததான் எழுதுவே?"

எழுதினேன்.
சமூகம் கருணை கூர்ந்து என்று எழுதினேன்.
திக்கற்ற ஏழைகளாகிய நாங்கள் என்று எழுதினேன்.
முத்திரை ஒட்டினேன். அதில் மன்னர்
பக்கவாட்டில் எதையோ பார்த்துக்கொண்டிருப்பார்,
ஒருநாளும் எங்கள் பக்கம் திரும்பியதில்லை.
கோந்து அவர் முதுகுப்புறம்.
நக்கித்தான் ஒட்டவேண்டும்.

மனு சேப்பாக்கம் போனது, சேப்பாக்கத்திலிருந்து கோட்டை,
கோட்டையில் ஏதோ மேசையில்
கண்ணாடிக் குண்டுக்கடியில் மழைக்காலம்வரை இருந்தது.
அவன் பங்குனியிலேயே வெளியே வந்துவிட்டான், இருமலோடு.
ஆடியில் இருமல் நின்றது.
அவனும்.

ஐப்பசியில் பழுப்பு உறையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்,
நனையாமல் இடுப்பில் செருகி.
ஒரே வரி:
மனு உரிய படிவத்தில் இல்லை.
"படிவம்னா?"
எப்படிக் கேட்கவேண்டுமோ அப்படிக் கேட்பது என்றேன்.
டிராம் ஒன்று முழுசாய்த் திரும்பி முடிக்கும்வரை யோசித்தாள்.
"அப்ப கேக்காதே.
சொல்லு."

கடற்கரைக் கூட்டங்களில் வக்கீல்கள் வரி என்கிறார்கள்,
பஞ்சு போகும் கப்பல், துணி வரும் கப்பல் என்கிறார்கள்.
இருக்கலாம். நான் கணக்கு அறியேன்.
எனக்குத் தெரிந்தது வாக்கியம்.
நம் பாஷையில் வினை கடைசியில்தான் வந்து உட்காரும்.
அதுவரை தெரியாது
எழுதுகிறவன் குனிகிறானா நிமிர்கிறானா என்று.
இந்தக் கரையில் பிறந்து
இந்த உப்பில் வியர்த்து
இந்த உப்புக்கே சிறைபோன நாங்கள்
இக்கடல் எங்களுடையது என்று
...
இதுவரை எல்லாம் அதே சொற்கள்.
இருபத்தோரு வருஷமாய் இந்த இடத்தில்
என் கை தானாக எழுதும்: தாழ்மையுடன் வேண்டுகிறோம்.

அன்று கை நின்றது.
மழைத்தூறலில் அவள் கூந்தலிலிருந்து ஒரு சொட்டு
'என்று' மேல் விழுந்து மை பரவியது.
தள்ளி எழுதினேன், ஒரே சொல்:
அறிவிக்கிறோம்.

கீழே, கீழ்ப்படிதலுள்ள ஊழியன் என்று போடவில்லை.
முத்திரை ஒட்டவில்லை.
பெருவிரலை வைத்தாள்; விரலிலிருந்து
ஒரு மீன்செதில் காகிதத்தில் ஒட்டிக்கொண்டது.
அதைத் தட்டிவிடவில்லை.
இரண்டணா கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன், எனக்கும் வயிறு.

யாருக்கு அனுப்ப என்று கேட்டேன்.
அவள் கூடையைத் தலைக்கேற்றிக்கொண்டிருந்தாள்.
"அனுப்பறதா? இதோ,
இந்த மதிலு மேல ஒட்டு."

எதிர்ச் சாப்பாட்டுக்கடையில்
ஒரு கைப்பிடி சோற்றுப் பருக்கை கேட்டேன்.